ஆறு கொண்டுபோன சாக்பீஸ்

எர்மினியா டீச்சரைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மலைக்கு மேலே ஒற்றை அறையில் ஐந்து வகுப்பை வைத்துச் சமாளிக்கிறாள், பிள்ளைகள் மழையிலும் வந்துவிடுகிறார்கள், அவளுக்கு அது பிறவியிலேயே வந்தது என்கிறார்கள். பிறவியாவது ஒன்றாவது. மூன்று வருஷம் என் வீட்டு மேஜையில் சூப் குடித்தவள் அவள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். ஒரு பெரிய மனிதரின் சொற்பொழிவில்தான் கற்றாள். அவர் சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் கற்றாள்.

சான் ரோக்கேயில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எதிர்வீடு என்னுடையது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாணவர்கள் வருவார்கள், அம்மா என்கிற மரியாதையில் என்னைத் தோன்யா என்று கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள், சாப்பிட உட்காரும்போது கை கழுவ மட்டும் மறந்துவிடுவார்கள். எர்மினியா அப்படியில்லை. வெங்காய வியாபாரி மகள், கையில் வாசனை இருக்குமோ என்று இரண்டு தரம் கழுவுவாள். அவள் அப்பா தோன் எலோய் என் முன்னால்தான் சொல்லிவிட்டுப் போனார்: "படி, வேண்டாங்கல. ஆனா கடைசி வருஷம் அந்த மாதிரி வகுப்புல தோத்தேன்னா, மறுநாளே சந்தைக்கு வந்து தராசைப் புடிக்கணும்."

மாதிரி வகுப்பு என்பது, பக்கத்துச் சின்னப் பள்ளியில், தேர்வுக் குழு பின்னால் உட்கார்ந்து பார்க்க, நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது. அதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது.

படிப்பு முடிக்கிற கூட்டம் ஒரு பெரிய மனிதரை ஞானத்தகப்பனாக வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். அந்த வருஷம் சூக்ரே நகரத்திலிருந்து டாக்டர் அரன்சிபியாவைப் பிடித்தார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பேசுகிற டாக்டர். வந்தவர், வருங்கால ஆசிரியர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மணி நேரம் பேசினார். ஆசிரியர் கொஞ்சமாகப் பேச வேண்டும், பிள்ளைகளைப் பேசவிட வேண்டும் என்பதுதான் பேச்சின் சாரம். நான் பானை நிறைய அப்பிச் சோளக்கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அது இரண்டு தரம் ஆறிப்போயிற்று.

நல்ல மனுஷன்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசியில் தன் முதல் டீச்சரைப் பற்றிச் சொன்னார். மழைக்காலத்தில் அந்தம்மாள் வெறுங்காலோடு ஆற்றில் இறங்கி, சாக்பீஸ் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தாளாம். வெள்ளம் பொட்டலத்தைத் தட்டிவிட்டதாம். இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். பேச்சை நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்தார். மண்டபமே விசும்பியது. எர்மினியாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

மறுநாள் என் முற்றத்தில் கோழிகளை நிற்கவைத்து ஒத்திகை பார்த்தாள். ஆறு, வெள்ளம், வெறுங்கால், மௌனம்.

"ஏண்டி, உனக்குக் கழித்தல் பாடம்னுதானே சொன்னே? அது எங்கே வருது?"

"முதல்ல மனசைத் தொடணும் தோன்யா. கணக்கு தானா வரும்."

"பன்னெண்டுல அஞ்சு போனா எவ்வளவுன்னு மனசைத் தொட்டாத் தெரிஞ்சுடுமா?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியலதான். கோழிக்கும் புரியல, பாரு, திரும்பி நிக்குது."

அப்புறம் குழைந்துகொண்டு வந்தாள். "தோன்யா, மாமாவோட பழைய கண்ணாடி இருக்கில்ல?"

"உன் கண்ணுக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணுமில்ல. போட்டாத்தானே கழட்ட முடியும்?"

செத்துப்போன என் மனுஷனின் கண்ணாடி. கொடுத்தேன்.

தேர்வுக் குழுவுக்குப் பலகாரம் வைப்பது தேர்வு எழுதுகிறவளின் பொறுப்பு. அவளுக்காக நான் இறைச்சியும் சாறும் அடைத்த சால்தேன்யா சுட்டுக் கூடையில் எடுத்துப் போய்க் கதவோரம் நின்றேன். பின்னால் தலைமையாசிரியை, பக்கத்தில் சிறப்பு விருந்தாளியாக டாக்டரே. எர்மினியா கண்ணாடியோடு உள்ளே வந்தாள், முதல் பெஞ்சில் முட்டிக்கொண்டாள். கரும்பலகையில் எழுதிய தலைப்பு கோணிக்கொண்டு மேலே மேலே ஏறிப் போயிற்று. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆற்றுக் கதையைத் தொடங்கினாள். டாக்டரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தலைமையாசிரியையோ மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதை வெள்ளத்துக்கு வந்தது. எர்மினியா கண்ணாடியைக் கழற்றினாள். பேச்சை நிறுத்தினாள்.

கண்ணாடி போன பிறகுதான் அவளுக்குப் பிள்ளைகள் தெரிந்தார்கள். ஒருத்தரும் அழவில்லை. ஓரத்தில் ஒரு பெண் விரலைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், சாக்பீஸ் எல்லாமே போச்சா, கொஞ்சம் போச்சா?"

இதற்கு டாக்டரின் பேச்சில் பதில் இல்லை. எர்மினியா பின்பக்கம் கை காட்டினாள். "அது... அதோ உக்காந்திருக்காரே, அவரோட டீச்சர்தான் அந்தம்மா."

வகுப்பே திரும்பியது. "தாத்தா, எத்தனை மிச்சம்?"

மூன்று மணி நேரம் பேசிய வாய் திறந்தது, மூடியது. "எத்தனைங்கிறதா முக்கியம் கண்ணு? அந்த அன்பு இருக்கே..."

"எத்தனை இருந்துச்சுன்னே தெரியாதா?"

"இவருக்குத் தெரியாதுடா!" என்றான் ஒருவன்.

"ஈரச் சாக்பீஸை அடுப்போரமா வச்சாக் காஞ்சுடும் தாத்தா, அழாதீங்க."

அவர் அழவில்லை, வேர்த்திருந்தது. எர்மினியாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணுக்கு முன்னால் வெங்காயத் தராசு ஆடுவது எனக்கே தெரிந்தது. சட்டென்று கண்ணாடியைப் பையில் போட்டாள். மேஜையிலிருந்த பெட்டியைக் கவிழ்த்தாள்.

"சரி, பன்னெண்டு சாக்பீஸ். நீதானே கேட்டே, வா, நீதான் வெள்ளம். புடுங்கு. மத்தவங்க எவ்வளவு மிச்சம்னு சொல்லுங்க."

அந்தப் பெண் ஐந்தைப் பிடுங்கினாள். ஏழு என்று கத்தினார்கள். அப்புறம் ஆளாளுக்கு வெள்ளமானார்கள். ஒரு பேராசைக்காரன் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போக, ஒன்றுமில்லை என்பதற்கும் ஓர் எண் உண்டு என்று தெரிந்துகொண்டார்கள். மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

பலகாரம் சாப்பிடும்போது தலைமையாசிரியை சொன்னாள்: "ரெண்டாம் பாதிக்கு முழு மதிப்பெண் போடலாம். முதல் பாதிக்கு முட்டைதான் போடணும்."

முதல் பாதி யாருடையது? டாக்டர் சால்தேன்யாவைக் கடிக்க, சாறு கழுத்துப்பட்டையில் வழிந்தது. "முதல் பாதி இல்லாம ரெண்டாம் பாதி எப்படிம்மா வரும்? அதுதான் பாடத்தோட உயிரே. ரெண்டுக்கும் முழுசாப் போடுங்க" என்றார். தனக்குத் தானே முட்டை போட்டுக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? எர்மினியா தேறிவிட்டாள். தோன் எலோய் எனக்கு ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கிவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு லாரியைக் கிளப்பினார்.

பட்டமளிப்பு விழாவுக்கு டாக்டர் மறுபடி வந்தார். அதே பேச்சு, அதே ஆறு. கண்ணாடியைக் கழற்றினார், நிறுத்தினார், அப்புறம் தழுதழுத்த குரலில் சொன்னார்: "பன்னிரண்டு சாக்பீஸ். ஐந்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. மிச்சம் ஏழையும் அந்தத் தாய் அடுப்போரம் காயவைத்தாள்." முன்னைவிட அதிகமாக அழுதார்கள். எர்மினியா சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவளும் அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த வயதிலும் மனுஷன் ஒன்றைக் கற்றுக்கொண்டாரே, அதை நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போது வருஷா வருஷம் அதே கல்லூரி எர்மினியாவைக் கூப்பிடுகிறது, வருங்கால ஆசிரியர்களிடம் பேச. அவளும் கதை சொல்கிறாள்: ஓரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பெண்ணின் கதை. அந்த இடம் வந்ததும் என் புருஷனின் கண்ணாடியைக் கழற்றுகிறாள். நிறுத்துகிறாள். முன்வரிசை மூக்கை உறிஞ்சுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளும் டாக்டராகிவிட்டாளா?

இந்த வருஷம் என் மேஜையில் சாப்பிடுகிற ஒருத்தியிடம் ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பினேன். அவள் எழுந்து கேட்டாள்: "டீச்சர், அந்தப் பொண்ணு பேரு என்ன?"

முழி பிதுங்கும் என்று வாசலில் காத்திருந்தேன்.

"நியேவெஸ் கோந்தோரி," என்றாள் எர்மினியா, மூச்சுவிடாமல். "இடது கைக்காரி. தேர்வுக்கப்புறமும் அவ பள்ளிக்குப் போய்ச் சொல்லிக்குடுத்தேன். எழுத எழுத அவ கையே எழுதினதை அழிச்சுடும். அவளைப் பலகையோட வலது பக்கமா நின்னு எழுதச் சொல்லலாம்னு எனக்குத் தோணவே ரெண்டு மாசம் ஆச்சு. வேற என்ன கேக்கணும்? தோன்யா என்ன கேக்கச் சொன்னாங்க?"

கூட்டம் சிரித்தது. நான் காலிப் பானையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கண்ணாடியைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்றுதான் அன்று போயிருந்தேன். கேட்கவில்லை. அடுத்த வருஷம் கேட்பேன்.