ஆசானுக்கு எதிராக ஒரு கட்டைவிரல்

என் வலது கட்டைவிரல் மரத்துப்போனதற்கு சகாயம் வைத்த செய்வினைதான் காரணம் என்று நம்பினேன். பதினோரு நாள் நம்பினேன். சகாயம் அப்போது வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். ஞாயிறு தேவாலயப் பூசை தவறாத, இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரன். பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பவன். அவன் எந்த மந்திரவாதியைத் தேடிப் போயிருப்பான் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. பயப்படுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

இது 2016. தக்கலையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். ஒரு காலையில் எழுந்தபோது வலது கை என்னுடையதாக இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் செத்துக் கிடந்தன. உதறினால் எறும்பு ஊர்வதுபோல் உயிர் வந்தது. கடையில் ஸ்க்ரூ நழுவி விழுந்தது. தேடி எடுத்தால் மறுபடி விழுந்தது.

செய்வினை என்று ஏன் நினைத்தேன் என்றால், சகாயம் இரண்டு மாதத்தில் லீவுக்கு வருவதாக இருந்தது. வந்தால் அவனோடு ஒரு ஆட்டம் பாக்கி.

2004இல் நாகர்கோவிலில் நானும் சகாயமும் கல்லூரிக்குப் போனோம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு வீடியோ கேம் கடை. நான்கு டி.வி., எழுத்து தேய்ந்த பட்டன்கள், கீழிருந்து ஏறிவரும் பப்ஸ் வாசம். அங்கே கால்பந்து ஆட்டத்தில் எனக்கும் சகாயத்துக்கும் இறுதிப் போட்டி. பந்தயம் இதுதான்: தோற்றவன் ஜெயித்தவனை ஆயுசுக்கும் 'ஆசானே' என்று கூப்பிட வேண்டும்.

இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம். கோல்கீப்பரும் நானும் மட்டும். அடிக்கும் பட்டனை அமுக்கினேன். டி.வி. அணைந்தது. மற்ற மூன்று டி.வி.யும் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் டி.வி.யின் பிளக் சகாயத்தின் பக்கம் கழன்று கிடந்தது. நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். பிரித்துவிட்டு மறுபடி ஆடச் சொன்னார் கடைக்காரர். ஆத்திரத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றேன்.

அதன் பிறகு பன்னிரண்டு வருஷம், ஒவ்வொரு போனிலும் "மக்கா, ஆசான் பேசுதேன்" என்றுதான் தொடங்குவான். காய்ச்சல் என்று பொய் சொல்லி, அவன் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கி, மூன்று மாதமாக மனைவி சுபாவிடம் "சர்வீஸுக்கு வந்தது" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விரல் செத்தது.

சுபா என்னை மண்டைக்காட்டு அம்மன் கோவிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே எந்த உறுப்பில் நோவோ அதை மரத்தில் செய்து அம்மனுக்கு வைப்பார்கள். மரக்கை ஒன்று வாங்கி வைத்து, கண்ணை மூடி வேண்டினேன். கொஞ்சம் சத்தமாக வேண்டிவிட்டேன் போலிருக்கிறது.

"இஞ்ச பாருங்கோ, குணமாக்குன்னு கேட்டாப் போராதா? சகாயத்துக்குப் பாதி நோவக் குடுன்னு எதுக்குக் கேக்கிய?" என்றாள் சுபா.

அம்மனிடம் கேட்டது போக, மருத்துவரிடமும் போனோம். நரம்பு கடத்தல் சோதனை (லேசான மின்சாரம் கொடுத்து நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். நான் அலறினேன். "இன்னும் கரன்ட் குடுக்கல்ல" என்றார் டெக்னீஷியன்.

நோயின் பெயர் கார்பல் டனல் சிண்ட்ரோம் (மணிக்கட்டின் இடுக்கில் நரம்பு நசுங்குவது). இதைப் படிக்கிற உங்களுக்கும் விரல் மரத்தால் சுண்டுவிரலைக் கவனியுங்கள். எனக்கு அது மரக்கவில்லை; இந்த நோயின் அடையாளமே அதுதான். மருத்துவர் முதலில் கேட்டதும் அதைத்தான்.

அடுத்ததாக, "கைய ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற வேலை ஏதும் உண்டா?" என்றார்.

"ஸ்க்ரூடிரைவர் சார்" என்றேன்.

"கேம் பெட்டியும் உண்டு சார்" என்றாள் சுபா. "டெய்லி நாலு மணிக்கூர்." அவளுக்கு முதல் வாரமே தெரியும்.

நரம்பு எனக்குத் தெரியாமலே பல மாதமாக நசுங்கி, கட்டைவிரலின் அடிச்சதை ஏற்கெனவே வற்றத் தொடங்கியிருந்ததால் அறுவை சிகிச்சைதான் என்றார். கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வது. கால் மணி நேரம். நான் கடைச் சாவி எங்கே இருக்கிறது, யாரிடம் எந்த போன் தர வேண்டும் என்றெல்லாம் ஒரு மரண சாசனம் எழுதி சுபாவிடம் கொடுத்தேன். இடது கையால் எழுதியதால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

தையல் பிரித்த பிறகு பிசியோதெரபி. ரப்பர் பந்தை அமுக்க வேண்டும். அமுக்கும்போதெல்லாம் சகாயத்தின் கழுத்தை நினைத்துக்கொள்வேன். வேகமாகத் தேறினேன்.

"பயிற்சி கைக்குத்தானே, வலது கால் எதுக்கு உதைக்குது?" என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டார்.

"அது கூடவே வரும் சார்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

சகாயம் லீவை ஒரு மாதம் தள்ளித்தான் வந்தான். அவன் வருவதற்குள் மருத்துவர் என்னைப் பிடிக்கவைத்து, அமுக்கவைத்துப் பார்த்து, கை முழுசாகச் சரி என்று சொல்லியிருந்தார். நானும் சுபாவும் இனயத்தில் அவன் வீட்டுக்குப் போனோம். அவனுக்குத் தலை பாதி வழுக்கை. "வாடே மக்கா, ஆசானப் பாக்க வந்தியா?" என்றான். புது கேம் பெட்டி. அதே கால்பந்து. ஒரு பிற்பகல்.

இரண்டுக்கு இரண்டு. கோல்கீப்பரும் நானும் மட்டும். விரல் மரக்கவில்லை. அமுக்கினேன்.

டி.வி. அணைந்தது.

"பன்னெண்டு வருஷத்துக்குப் பொறவும் நீ திருந்தலியாலே!" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"லேய், ஒனக்க காலப் பாருலே!"

என் வலது கால் முன்னால் நீட்டியிருந்தது. டி.வி. ஒயர் கணுக்காலில் மாட்டி, பிளக் தரையில் கிடந்தது.

"அன்னைக்கும் இதத்தான சொன்னேன்" என்றான் சகாயம், கழுத்தைத் தடவிக்கொண்டு. "நீ எனக்க தொண்டையப் பிடிச்சிருந்த. சத்தம் வெளிய வரல்ல."

சுபா சிரித்த சிரிப்பில் அவன் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "மண்டைக்காட்டுல நாம கையத்தான வச்சோம்! கால வச்சிருக்கணும்!" என்றாள் சுபா.

இப்போது உள்ளங்கையில் ஒரு சின்னத் தழும்பு. மழைக்கு முன் இழுக்கும். இழுக்கும்போது என் உடம்பில் நான் அறியாமல் இன்னும் என்னென்ன ஆடிக்கொண்டிருக்கிறதோ என்று குனிந்து பார்ப்பேன். பன்னிரண்டு வருஷக் கோபம் ஒரு முழ ஒயரில் முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். வெறுக்க வேறு ஆளை இன்னும் தேடவில்லை.

அன்று பிளக்கைச் சொருகி, என் காலை நாற்காலியோடு கட்டிவிட்டு, மறுபடி ஆடினோம். கையில் ஒரு குறையும் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றேன்.