அடுப்பில் தொங்கிய சிவப்பு அட்டை

விமானப் பணிமனையில் அவருக்கு ‘பிரேக்கர்’ என்று பட்டப்பெயர். விமானத்தில் விளக்குக்கு இவ்வளவு, சமையலறைக்கு இவ்வளவு, விமானியின் கருவிகளுக்கு இவ்வளவு என்று மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் பலகையில் வரிசையாக இருக்கும் பொத்தான்கள்தான் பிரேக்கர்கள். எது எங்கே என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஓய்வு பெற்றபின் மறதி வந்தது. முதலில் மூக்குக்கண்ணாடி, பிறகு பேரன் பெயர், கடைசியில் கட்டிய மனைவி.

“நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்பார்.

“உங்களுக்கு வாக்கப்பட்டவ” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பு அடுப்படி வரைக்கும்தான் தாங்கும்.

ஒருநாள் அவர் கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்துபோனார். செய்தி மகளின் காதுக்கு எட்டியது.

“அப்பாவை இனிமே வீட்ல வச்சுக்க முடியாதும்மா. ஒரு இல்லம் பாத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அவரில்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதில், அவருடைய கருவிப்பெட்டியில் கிடந்த சிவப்பு அட்டைகள் நினைவுக்கு வந்தன. யாராவது வயரில் கை வைக்கும் முன் அதற்குரிய பிரேக்கரை இழுத்துவிட்டு இந்த அட்டையை மாட்டுவார்கள். மாட்டியவரே கழற்ற வேண்டும். மேலாளர் வந்து குட்டிக்கரணம் போட்டாலும் வேறு யாரும் தொடக் கூடாது. கல்யாணமான புதிதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. ஒன்றை எடுத்து அடுப்புக் குமிழில் கட்டினாள்.

அவர் வந்தார். குமிழை நோக்கி நீண்ட கை அட்டையைக் கண்டதும் தானாகப் பின்வாங்கியது.

“யாரோ உள்ள வேலை செய்றாங்க. தொடக் கூடாது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் இதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். “அடுப்பு சரி. உன் உடம்பு? ராத்தூக்கமும் இல்லாம நீயே ஓடா தேஞ்சுட்டே. உன்னை யாரு பாத்துப்பா?”

மகள் உள்ளறையில் அவருடைய சட்டைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல் நாற்காலியில் சாய்ந்த தாய் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

மணிக்கட்டில் ஏதோ உரசியதில் விழிப்பு வந்தது. அதற்குள் மகளின் குரல் கேட்டது: “அம்மா, கிளம்பலாமா?”

“சத்தம் போடாதீங்க” என்றார் அவர், மெதுவாக. “இவங்க யாருன்னு தெரியல. ரொம்பக் களைச்சுப்போயிருக்காங்க. அட்டை மாட்டியிருக்கேன். நான் கழட்டுற வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அழுகை கொட்டிவிடும். உள்ளறையில் மகள் சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைப்பது கேட்டது.