மீனுக்கு அம்மை

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தைத் தாண்டும்போதும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. ராஜபாளையத்தில் பெரியப்பா வீட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தவன், வழியில் இரண்டு குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவியிருந்தேன். பைக்குள் ஒரு சட்டையும், எட்டாம் வகுப்புப் புத்தகங்களில் பாதியும் இருந்தன. மீதியை எடுக்கத் திரும்பிப் போவதாக இல்லை.

அப்பா இறந்த பிறகு அம்மா கான்சாபுரத்தில் களையெடுக்கப் போனாள். என்னைப் படிக்க வைக்கிறேன் என்று பெரியப்பா கூட்டிவந்தார். அவருக்குச் சொந்தமாக ஆறு தறிகள். காயத்துக்குக் கட்டும் துணி நெய்தார். பிள்ளை இல்லை. கடல்மீன் தொட்டி இருந்தது. ஏதோ ஒரு மில் முதலாளி வீட்டில் பார்த்துவிட்டு வந்து வைத்தது. தூத்துக்குடிக்கு நூல் ஏற்றிப்போகும் லாரி, திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவரும். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. பார்த்த எல்லோரையும் பெரியப்பா சந்தேகப்பட்டார். ஒவ்வொருவர் போன பிறகும், "அவன் கண்ணு நல்ல கண்ணு இல்ல" என்பார்.

ஒரே வாரத்தில் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது நானும் மூன்று நீல மீன்களும். சங்கு குளிக்கிற ஒருவர் பிடித்துக் கொடுத்த மீன்கள். பெரியப்பா பையை அறுத்து, பழைய மீன்களோடு நேராக விட்டுவிட்டார். நாலாம் நாள், புது மீன்களின் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பை உரசிக்கொண்டே இருந்தன.

பெரியம்மா கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தாள்.

"ஏலே, இது சீக்கு இல்லலே. அம்மை போட்டிருக்கு. எப்படிச் சொறியுது பாரு."

"மீனுக்கு அம்மை போடுமா பெரியம்மா?"

"தண்ணிக்குள்ள இருந்தா ஆத்தாவுக்குத் தெரியாதாக்கும்? நாளைக்கு அவிய தறிக்குப் போன பொறவு வேப்பிலை பறிச்சிட்டு வா. அவியகிட்ட மூச்சு விடாத."

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. அன்று இரவுக் குழம்பில் தாளிப்பு இல்லை. கடுகு தீர்ந்துவிட்டது என்றாள். பெரியப்பா டப்பாக்கள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு சாப்பிட்டார்.

மறுநாள் பெரியம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தாள். தொட்டி உயரம். நாற்காலியில் ஏறி நான்தான் கரைத்தேன். மேலே ஒரு கொத்து இலையையும் மிதக்கவிட்டேன். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மதியம் பெரியப்பா வந்தபோது நீல மீன் மூன்றும் செத்து மிதந்தன. பழைய மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. அவர் வேப்பிலைக் கொத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்தார்.

"இத யாரு போட்டா?"

பெரியம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியப்பா என் கையைப் பிடித்து விரித்தார். உள்ளங்கை முழுக்க மஞ்சள்.

"செய்வினை வைக்கியாலே? சோறு போடுற வீட்டுலயே கரைச்சு ஊத்துறியா? பங்குல தோட்டம் கிடைக்கலன்னு உங்கம்மா சொல்லிவிட்டாளா?"

"இல்ல பெரியப்பா, அம்மைக்கு..."

"யாருக்குலே அம்மை?"

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அந்த வீட்டில் இருப்பேன், பள்ளிக்கூடம் போவேன்.

"சோறு ஆறிப்போகுது, வாங்க" என்றாள் பெரியம்மா.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் கிளம்பிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் கான்சாபுரம் பஸ் நின்றது. ஏறவில்லை. ஏன் வந்தாய் என்று அம்மா கேட்பாள். செய்வினை என்ற சொல்லை அவள் காதில் போட எனக்கு மனமில்லை. அங்கேயே ஒரு பெஞ்சில் படுத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து, தூத்துக்குடியில் கடல்மீன் வளர்த்து விற்கிற கொட்டகையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். புது மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற மீன்களோடு விடுவார்கள். வெள்ளைப் புள்ளி நோயை மீனே உடம்பில் சுமந்து வரும் என்றார்கள். அந்த மூன்றும் வரும்போதே கொண்டுவந்திருக்கின்றன. எங்கள் வேப்பிலை அவற்றைச் சீக்கிரம் அனுப்பிவைத்ததா என்கிற சந்தேகம் மட்டும் இன்றுவரை தீரவில்லை. பிள்ளை இல்லாத பெரியம்மா தன் வேலை என்று ஒப்புக்கொண்டிருந்தால் அவளுக்கு என்ன பேர் கிடைத்திருக்கும் என்பதும் பிற்பாடுதான் உறைத்தது. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

பெஞ்சில் படுத்த அந்த ராத்திரி விடிந்ததும், பஸ் நிலையத்துக்குப் பின்னால் பால்கோவா கிண்டுகிற ஒரு கொட்டகையில் வேலை கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி, "கையக் காட்டுலே" என்றார்.

"என்னலே மஞ்சள்?"

"அம்மைக்குக் கரைச்சது அண்ணாச்சி."

"யாருக்கு?"

"மீனுக்கு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

வேலை இதுதான்: வருகிற ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு கரண்டி பாலைச் சின்னச் சட்டியில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். திரியாவிட்டால்தான் அந்தப் பால் பெரிய சட்டிக்குப் போகும். முதல் கேனே திரிந்தது. பால்காரர் என் விரல்களைப் பார்த்தார்.

"இவன் கையில என்னமோ இருக்கு அண்ணாச்சி. எம் பாலு நல்ல பாலு."

பையை வைத்த மூலையைப் பார்த்துக்கொண்டேன்.

"சட்டி சொல்லுதுய்யா, பய என்ன செய்வான்?" என்றார் அண்ணாச்சி, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல்.

நான் அடுத்த கேனைத் திறந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகளை மூன்றாம் நாளே விட்டு ஓடியிருக்கிறேன். அங்கே மட்டும் இரண்டு வருஷம் இருந்தேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.