தாலுசா உடைத்த குடம்

தாலுசா தன் புருஷனின் எலும்புக்காக ஊதிய கண்ணாடிக் குடத்தைத் தானே ஏன் உடைத்தாள்? பட்டறை வாசலில் நின்று பார்த்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

ரோமப் பேரரசின் அக்விலேயா துறைமுகத்தை ஒட்டிய கண்ணாடிப் பட்டறையில் தாலுசா குடம் ஊதுவாள். அவள் புருஷன் ஹெர்மெரோஸ் கைப்பிடி வைப்பான். இருபது வருஷம் அப்படியே ஓடியது. பிறகு அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். எரித்த எலும்பை மதுவில் கழுவித் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் படையலுக்கு முன் குடத்தில் போட்டு அடக்கம் செய்தாக வேண்டும். கண்ணாடிக் கட்டி ஏற்றிவந்த கப்பல் காற்றில்லாமல் தாமதித்ததால், எட்டாம் நாள் காலையில்தான் உலை தயாரானது. ஊதிய குடம், சூடு மெல்ல ஆறும் அறையில் மறுநாள் விடியும்வரை கிடந்தால்தான் கீறாமல் பிழைக்கும்.

“ஏம்மா, ஒரு மண்குடம் போதாதா?” என்றாள் ஹெர்மெரோஸின் அக்கா ஹிலாரா. “ஊருக்கெல்லாம் ஊதின வாய்க்கு இவனுக்குன்னா எட்டு நாள் ஆகுது.”

“மண்குடத்துல போட்டா உங்க தம்பி எழுந்து வந்து கைப்பிடியைக் குறை சொல்லுவார்.”

கைப்பிடி வைக்க அவன் தம்பி புரோட்டஸ் வந்திருந்தான். சின்னச் சின்ன எண்ணெய்க் குப்பிகளுக்கு வைத்துப் பழகிய கை.

தாலுசா குழல் முனையில் கண்ணாடிக் குழம்பைச் சுற்றி எடுத்தாள். கல்லில் உருட்டினாள், ஊதினாள், சூடு காட்டி மறுபடி ஊதினாள். பச்சை நிறத்தில் குடம் வயிறு விரித்தது. புரோட்டஸ் கம்பியில் கொதிக்கும் துளியோடு வந்து, தோளில் ஒட்டி, இடுக்கியால் இழுத்து வளைத்தான். வாசலில் நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். தாலுசா விடவில்லை.

துளி குடத்தோடு உருகிக் கலக்காமல், பட்டாணிபோல் மேலே நின்றது. துளியை உலையிலிருந்து எடுத்த பிறகு புரோட்டஸ் நின்ற நேரம் அதிகம், அது ஆறிவிட்டிருந்தது. அவன் கன்னம் ஈரமாக இருந்தது. இது ஆறும்போது கைப்பிடி கழன்று குடமும் கீறும்.

குழலோடு குடத்தை உடைசல் கூடையில் தட்டினாள்.

“பைத்தியமா உனக்கு?” என்றாள் ஹிலாரா.

“என் மூச்சு சரியில்ல. சுவர் ஒரு பக்கம் மெலிஞ்சுபோச்சு.” பிறகு புரோட்டஸ் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “கம்பி உலையை விட்டதும் நேரா வா. அண்ணனை அப்புறம் நினைச்சுக்கலாம்.”

“சரி அண்ணி.”

உலையில் இன்னும் ஒரு குடத்துக்கு மட்டுமே குழம்பு இருந்தது. இந்த முறை அவன் ஓடியே வந்தான். துளி தொட்டதும் தோளில் பரவி அமர்ந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. வாயை அறுத்துக் குழலிலிருந்து பிரித்து, ஆறும் அறையில் வைத்துக் களிமண் பூசி அடைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் தாலுசாவே களிமண்ணை உடைத்தாள். குடம் முழுசாக இருந்தது. இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கிப் பார்த்த பிறகுதான் துணி முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள்.

குடத்தின் சுவரில் குறையே இல்லை, ஆறிப்போனது தன் துளிதான் என்று புரோட்டஸே பின்னாளில் என்னிடம் சொன்னான். ஆனால் புருஷன் போனதோடு தாலுசாவின் ஊதும் மூச்சும் போய்விட்டதாகத் துறைமுகத்தில் இன்னும் பேசுகிறார்கள். அவள் ஒருபோதும் மறுக்கவில்லை. அப்படிப் பேசும் யாரையாவது பார்த்தால், அந்தக் கூடையில் விழுந்த குடத்தின் கதையைச் சொல்லிவிடுங்கள்.