கட்லாவுக்கு ஏலக்காய்

நான் ஒரு மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்று வருஷம் வயிறு எரிந்தவள் நான். சிரிக்கிறவர்களுக்கு அந்த எரிச்சல் எங்கே தெரியப்போகிறது?

எழுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகி அரியலூருக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டும் பகுதியில் வேலை. ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் பாதி எங்களுக்கு, மறுபாதியில் ஓர் அக்கா குடும்பம். வாரத்தில் ஆறு நாள் அவர் தலையெல்லாம் தூசியாக வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். எனக்கென்று மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள் என்றால் ஒரு கட்லா மீன். ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று இருந்தது. அதில் மழைத் தண்ணீர் தேங்கி, பச்சையாக, ஆழம் தெரியாமல் கிடக்கும். ஏரியில் விட்ட கட்லாக் குஞ்சுகள் ஒரு பெருமழையில் வழிந்து அதற்குள் இறங்கிவிட்டனவாம். அதில் ஒன்று ஆள் தொடை கனத்துக்கு வளர்ந்திருந்ததை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அன்று முதல் ஞாயிறு விடியும்போது போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். எப்போதும் ஒரே கல்மேல்தான் உட்காருவார். எதிரே இரண்டு கவட்டைக் குச்சிகளை நட்டு, நீளமான மூங்கில் தூண்டிலை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். வேறு மீன் மாட்டினால் கழற்றித் திரும்ப விட்டுவிடுவார். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

எனக்கு இந்த வித்தையே புரியவில்லை. நான் பிறந்தது ஏலாக்குறிச்சிப் பக்கம். கூலி வேலை முடிந்து வரும் வழியில் வாய்க்காலில் இறங்கி, அன்றைய குழம்புக்கு மீன் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற குடும்பம் எங்களுடையது. எங்களுக்கு மீன் பிடிப்பது என்றால் நடப்பது. கையில் ஒரு சின்னக் குச்சி, கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மண்புழு. மதகடியில் இரண்டு கெளுத்தி கிடைக்கும், கோரைப் புதர் ஓரத்தில் ஒரு குறவை, கல்லிடுக்கில் ஓர் ஆரால். வெற்றிலை மென்று துப்புகிற நேரத்துக்குள் கடிக்கவில்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். பத்து வகை மீன் கிடந்தால்தான் எங்கள் வீட்டில் அதற்குக் குழம்பு என்று பேர். ஒரு மீனுக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் மனுஷனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

உட்காரட்டும், அது அவர் பாடு. ஆனால் அவளுக்குச் சாப்பாடு செய்து அனுப்ப வேண்டியது நானல்லவா? சனிக்கிழமை சாயங்காலமானால் தவிட்டை வறுக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கை இடிக்க வேண்டும். கொஞ்சம் மைதாவும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவுக்கு இருபது உருண்டை பிடித்துத் தூக்குவாளியில் அடுக்க வேண்டும். உருண்டைகளைத் தண்ணீரில் போட்டுவைத்தால் அவள் அந்த இடத்தைத் தேடி வருவாளாம். அப்புறம் அதையே துளி கிள்ளித் தூண்டில் முள்ளில் வைப்பாராம். இதில் கடைசியாக ஒன்று சொல்வார்.

"ரெண்டு ஏலக்கா தட்டிப் போடு புள்ள. வாசத்துக்குத்தான் வருவா."

பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சம் பிடித்து டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த ஏலக்காய் அது. நான் ஒருநாள்கூட டீயில் போட்டதில்லை. எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வரத் தோன்றாத மனுஷனுக்கு, மீனுக்கு ஏலக்காய் போடத் தோன்றியது. தட்டும்போது அம்மிக்கல் உடைகிற மாதிரி தட்டுவேன். அவருக்கு அது உறைக்காது.

பக்கத்துப் பாதி அக்காவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "ஒனக்குச் சக்களத்தி வந்துட்டாடி. ஊரு ஒலகத்துல சக்களத்திக்குப் பலகாரம் சுட்டு அனுப்புறவ நீ ஒருத்திதான்" என்பாள். நானும் சிரிப்பேன். உள்ளே கொதிக்கும்.

ஏன் கொதிக்காது? இந்த மனுஷனுக்குப் பொறுமையே கிடையாது என்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவருக்குப் பொறுமை இருந்தது. என்னிடம் காட்டத்தான் இல்லை. புடவை எடுக்கக் கடைக்குப் போனால், நான் இரண்டாவது புடவையை விரிப்பதற்குள் வாசலில் போய் நிற்பார். எங்கள் ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நின்றால், "அடுத்த வாரம் போலாமே" என்று பத்தாவது நிமிஷம் ஆரம்பிப்பார். சாப்பிட்டு முடித்து விருட்டென்று எழுந்துவிடுவார், நான் ஊர்க்கதை சொல்ல வாயைத் திறந்திருப்பேன். என்னோடு அரை மணி நேரம் உட்கார முடியாதவர், அவளுக்காகப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவளுக்கு உக்காருறீங்களே, எனக்கு ஒரு அரை மணி உக்காந்தா என்ன கொறஞ்சு போயிடும்?"

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "ஒனக்கு எதுக்குப் புள்ள உக்காரணும்? நீ இங்கதான இருக்க?"

அந்தப் பதிலைக் கேட்டபிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அக்கா தன் மல்லிகைச் செடிக்கு வேப்பம் புண்ணாக்கு வாங்கி வைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை அதில் இரண்டு கை எடுத்து வந்து இடித்தேன். கடலைப் புண்ணாக்குக்குப் பதில் அதைப் போட்டுப் பிசைந்தேன். நாற்றம் தெரியாமலிருக்க டப்பாவில் இருந்த ஏலக்காயை எல்லாம் கொட்டித் தட்டிப் போட்டேன். அவள் விஷயத்தில் நான் தாராளமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான். ஒரு தடவை வாயில் வைத்தால் போதும், அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்ப வந்துவிடும். அதை என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

"நாளைக்கு நானும் வரேன்" என்றேன்.

"வெயிலு கொளுத்துமே."

"கொளுத்தட்டும்."

அவர் கொல்லையில் போய் ஒரு சின்ன மூங்கில் குச்சியை வெட்டி, கணுவைச் சீவி, நரம்பும் முள்ளும் கட்டிக் கொண்டுவந்து என் பக்கத்தில் சாத்தி வைத்தார். காலையில் கிளம்பும்போது குடையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

பள்ளம் நான் நினைத்ததைவிடப் பெரியது. சுற்றிலும் வெள்ளைக் கல், வெயில் ஏறினால் கண் கூசும். அவர் தன் கல்லில் போய் உட்கார்ந்தார். நான் ஈர மண் தேடிப் புழு தோண்டப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவர் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கொப்பளித்து, துப்பி, மறுபடியும் கொப்பளித்தார். பல் விளக்காமல் வந்துவிட்டார்போல என்று நினைத்துக்கொண்டேன். உருண்டைகளை அதற்குள் போட்டிருப்பார் என்றும் நானாக முடிவு செய்துகொண்டேன்.

அப்புறம் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றேதான் திரும்பவில்லை. பள்ளத்தின் ஓரமாகவே நடந்தேன். கல் சரிந்து கிடந்த இடத்தில் இரண்டு கெளுத்தி கிடைத்தன. கோரை முளைத்திருந்த மூலையில் கெண்டைப் பொடிகள். நிழல் விழுந்த ஒரு பொந்தில் கை நீளத்துக்கு ஒரு குறவை. நாலு இடம் மாறினேன், எட்டு இடம் மாறினேன். மீன் வர வர, பார்த்துக்கோ, இப்படித்தான் பிடிக்கணும் என்று முதுகாலேயே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவர் கல்லில் உட்கார்ந்து இருவரும் மோர்ச்சோறு சாப்பிட்டோம். "எத்தன?" என்று கேட்டார்.

"பதினொண்ணு. ஒங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல."

எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. அவர் தக்கையைப் பார்க்காமலே சாப்பிட்டார். வெறுத்துப்போயிருக்கிறார் என்று அதையும் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆலையில் நாலு மணிச் சங்கு ஊதி அடங்கிய பிறகு அவள் வந்தாள். நான் அவர் கல்லுக்குச் சற்றுத் தள்ளிக் கரையில் இருந்தேன். அவர் தக்கைக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் தண்ணீர் கலங்கி, கருத்த முதுகு மேலே வந்தது. அம்மாடி, என்ன முதுகு! செதில் ஒவ்வொன்றும் நாலணாக் காசு அளவுக்கு இருந்தது. பெரிய வாயைத் தண்ணீருக்கு மேலே திறந்து திறந்து மூடினாள். அவர் கையை நீட்டக்கூட இல்லை. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், தூண்டிலைத் தொடவில்லை, அப்படியே இறங்கிப் போய்விட்டாள்.

கசக்குதாடி? நல்லா கசக்கட்டும் என்றேன், வாய்க்குள்ளேயே. மூன்று வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து மீனைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவினேன். அப்புறம் தூக்குவாளியைக் கழுவத் திறந்தேன். உள்ளே உருண்டைகள் அப்படியே இருந்தன. எண்ணினேன். இருபதும் இருந்தன. மேலே இருந்த ஒன்றில் மட்டும் பல் பட்டிருந்தது. அவருடைய முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருக்கும். அந்த உடைசல் உருண்டையில் அப்படியே பதிந்திருந்தது.

காலையில் வாய் கொப்பளித்தது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. உருண்டையைத் தண்ணீரில் போடுவதற்கு முன் ருசி பார்ப்பார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

வாளியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முள்ளுல என்ன வச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் வக்கல."

"காலையிலேருந்தா?"

"ஆமா."

"என் புழுவக் கேட்டிருக்கலாம்ல?"

"கட்லா புழு திங்காது புள்ள."

"வெறும் முள்ளப் போட்டுக்கிட்டு எதுக்கு அந்த வெயில்ல உக்காந்திருந்தீங்க? திரும்பி வந்திருக்கலாம்ல?"

அவர் காலை மடக்கி உட்கார்ந்தார். "மொதமொதலா கூட வந்த. இத எடுத்துக் கேட்டா சண்டையாவும், பாதியிலயே போயிடுவ. அதான் பேசாம இருந்தேன்." பிறகு, "நீ ஒரு எடத்துல நிக்கல. நாலு பக்கமும் போன. அந்தக் கல்லுலேருந்து பாத்தா எல்லாப் பக்கமும் தெரியும்" என்றார்.

பன்னிரண்டு மணி நேரம். நான் கேட்டது அரை மணிதான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெறும் முள்ளோடு அவர் உட்கார்ந்திருந்தார், நானோ அத்தனை நேரமும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். அவள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றபோது, முள்ளில் ஒரு பொட்டு இரை இருந்திருந்தால் போதும்.

அழுகை வந்துவிட்டது. அழுதாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"பொய் சொல்லாதீங்க" என்றேன். "அவளுக்குக் கசக்குமேன்னுதான போடல?"

அவர் வாளியை மூடி, ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அதுவுந்தான்" என்றார்.