குமர் கரையேறாத வீடு

வீடு விற்கச் சரியான காலம் வசந்தகாலம் என்று கனடாவிலிருந்து வந்த என் அண்ணன் சொன்னபோது பங்குனி மாதம், மத்தியானம் பன்னிரண்டரை. உப்புக்குளத்தில் என் வீட்டுக் கேற்றடியில் மூன்று கழுதைகள் மதில் நிழலுக்குள் ஒடுங்கி நின்றன. அண்ணன் அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்து, விறாந்தைக் கதிரையில் விழுந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே, "ஸ்பிரிங்தான் தங்கச்சி சரியான நேரம். சனம் வீடு தேடுற காலம்" என்றார். வியர்வை அவர் நாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பங்குனியில் மன்னாருக்கு வசந்தம் வருவதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். காலத்தைப் பற்றி அவர் சொன்னது சரி, காரணம்தான் பிழை. எங்கள் பக்கத்தில் தவக்காலத்தில் கலியாணம் கிடையாது. விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை கோயிலில் தாலி ஏறாது. அந்த நாற்பது நாளும் பெண்ணைப் பெற்றவர்கள் சும்மா இருப்பதில்லை, வீடு தேடுவார்கள். சீதனமாக ஒரு வீடு எழுதாமல் எங்கள் மாப்பிள்ளைமார் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார்கள். முருங்கன் பக்கத்தில் காலபோக நெல்லை வெட்டி விற்ற காசும் அப்போதுதான் கையில் புழங்கும். ஆகவே ஆண்டவர் பாடுபடும் காலத்தில் எங்கள் சனம் செய்யும் தபசு இதுதான்: வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கி, சிலுவைப்பாதை முடித்து, அப்படியே போய் அடுத்தவர் வீட்டுச் சுவரை விரலால் தட்டிப் பார்ப்பது.

எனக்கும் அவசரம் இருந்தது. பேசாலையில் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, இரண்டே அறை கொண்ட வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். கிணற்றுத் தண்ணீர் அப்படியே அள்ளிக் குடிக்கலாம். உப்புக்குளத்தில் உப்புத் தண்ணீரில் தலை முழுகி முழுகி என் தலைமயிர் தும்பாகிவிட்டது. நான்கு அறைகளைக் கூட்டித் துடைக்க முதுகும் இடம் கொடுக்கவில்லை. பேசாலை வீட்டுக்காரர் உயிர்த்த ஞாயிறு வரை எனக்காகப் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் என் வீடு விற்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அறுபத்தொரு வயதுவரை நான் எதற்கும் பெரிதாக ஆசைப்பட்டவளல்ல. அந்த இரண்டு அறைக்கு ஆசைப்பட்டேன்.

உதவிக்கு வரும்படி நான் அண்ணனைக் கேட்கவில்லை. வீட்டை விற்கப்போகிறேன் என்று தொலைபேசியில் வாய் தவறிச் சொன்னது என் பிழை. மூன்று கிழமை லீவு போட்டுக்கொண்டு வந்து நின்றார். அங்கே அவருக்குப் பாண் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வீடு விற்கும் ஏஜென்ட் ஆவதற்குப் பரீட்சை எழுதி இரண்டு தரம் தவறியவர். பரீட்சையில் தவறியவர்களுக்குத்தான் மற்றவர்களுக்குப் படிப்பிக்கும் ஆசை அதிகம். முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

"வாங்க வாறவை தங்களை இந்த வீட்டுக்குள்ளை வைச்சுப் பாக்கவேணும். இருக்கிற ஆளின்ரை அடையாளம் ஒண்டும் தெரியக்கூடாது" என்றார். மறுநாளே துப்புரவாக்கல் தொடங்கியது. என் தையல் மெஷின் பின்னறைக்குப் போனது. அப்பா அம்மாவின் படம் போனது. வாளிகள், பீப்பா, கொடியில் காய்ந்த துணி எல்லாம் போயின. கருவாடு பொரிக்கக்கூடாது என்று கட்டளை வந்தது. அதற்குப் பதிலாகக் குசினியில் ஒரு சட்டி தண்ணீரில் கறுவாப்பட்டையைக் கொதிக்க வைத்தார். மன்னாரில் கருவாடு மணக்காத வீட்டுக்குள் நுழைகிறவனுக்குத்தான் சந்தேகம் வரும், இது அவருக்கு மறந்துவிட்டது. கடைசியாக முன்னறையில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வெளிறிப்போன சுவரில் அந்தச் சதுரம் மட்டும் பழைய பச்சையாக நின்றது.

முதலில் வங்காலையிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். கறுவா மணத்தையும் அண்ணனின் ஆங்கிலத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். முன்னறைக்கு வந்ததும் அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"ஆண்டவர் எங்கை?"

"இப்ப அங்கையெல்லாம் சுவரிலை ஒண்டும் கொழுவிறேல்லை" என்றார் அண்ணன்.

அவர்கள் மற்ற அறைகளைப் பார்க்கவே இல்லை. பின்னேரம் அவர்களை அனுப்பிவைத்த தரகர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "ரீச்சர், நீங்கள் அல்லேலூயாச் சபைக்கு மாறியிட்டியளெண்டு ஒரு கதை. வீட்டிலை பேய்க்குணம் இருக்கு, அதுதான் படம் நிக்கேல்லை எண்டு இன்னொரு கதை. எதுக்கும் ஆண்டவரைத் திருப்பிக் கொழுவுங்கோ."

அண்ணன் ஆண்டவரைத் திருப்பிக் கொழுவினார். அதோடு நிற்கவில்லை. கடைக்குப் போய் மடு மாதா, அந்தோனியார், செபஸ்தியார், சூசையப்பர் எல்லாரையும் வாங்கி வந்து வரிசையாக ஆணி அடித்தார். முன்னறையில் நான் இருப்பதற்குத்தான் இடம் காணாமல் போனது.

அடுத்ததாக நானாட்டானிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு வீடு பிடித்திருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தார், யன்னல்களைத் திறந்து மூடினார், அலுமாரியை வைக்கப்போகும் மூலையை மகளுக்குக் காட்டினார். என் வயிற்றுக்குள் பேசாலை வீடு வந்து குந்திக்கொண்டது. தேநீர் கொடுத்தேன். தாய் ஒரு வாய் குடித்துவிட்டு அன்பாகத்தான் கேட்டார்.

"பிள்ளையள் எல்லாம் வெளியிலையோ அக்கா?"

"எனக்குப் பிள்ளையள் இல்லை."

"அவர்?"

"அவரும் இல்லை. நான் கலியாணம் கட்டேல்லை."

கோப்பை மேசைக்குப் போனது. மகளின் கை தாயின் கைக்குள் போனது. அந்தத் தேநீரைப் பிறகு நான்தான் குசினித் தொட்டிக்குள் ஊற்றினேன்.

தரகர் கேற்றடியில் நின்று தலையைச் சொறிந்தார். "குறை நினையாதேங்கோ ரீச்சர். பொம்பிளைப்பிள்ளைக்குக் குடுக்கிற வீடு. குமர் கரையேறாத வீடெண்டு யோசிக்கினம்."

அறுபத்தொரு வயதில், முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, நான் குமர். கலியாணம் என்ற கரையில் ஏறாமல் இன்னும் நடுக்கடலில் தத்தளிக்கிறேனாம். நான் ஏறி நின்ற கரையை இவர்கள் எவரும் கண்ணால்கூடக் கண்டதில்லை. என் சம்பளத்தில் சாப்பிட்டேன், என் கதவை நானே பூட்டினேன், சண்டைக் காலத்தில் மூன்று தரம் இடம்பெயர்ந்து மூன்று தரமும் திரும்பி வந்து நானே கூரை வேய்ந்தேன். அந்த வீட்டில் ஒருத்தி நன்றாக வாழ்ந்தாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் தரகரின் சைக்கிளைத் தூக்கி ஒழுங்கைக்குள் எறியலாம் போல இருந்தது.

அண்ணனுக்கும் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் யோசித்தார். இரவுச் சாப்பாட்டின்போது தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த முறை ஆக்கள் வரேக்கை நீ பக்கத்து வீட்டிலை கொஞ்சம் இரு, தங்கச்சி."

தையல் மெஷின், பீப்பா, அப்பா அம்மா, ஆண்டவர். கடைசியில் அப்புறப்படுத்த வேண்டிய சாமானாக நான் இருந்தேன். அவமானமாக இருந்தது. ஆனாலும் போனேன். உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் என் வயது முஸ்லிம் பெண். வீட்டை விட்டுப் போவதைப் பற்றி அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் முஸ்லிம்களை மன்னாரை விட்டு வெளியேற்றியபோது கையில் அகப்பட்டதோடு புறப்பட்டுப்போய், புத்தளத்தில் முகாமில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். யன்னல் சீலையை விலக்கி என் முற்றத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"விக்கிறது உங்கட வீடு. நீங்க என்னத்துக்கு ரீச்சர் கள்ளன் மாதிரி இங்க ஒளிச்சிருக்கீங்க?"

நான் அவர் தந்த வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டை வாயில் போட்டேன்.

அன்று வந்தவர்கள் முருங்கனுக்கு அப்பால் அரிசி ஆலை வைத்திருப்பவரும் மனைவியும் மகளும். மாப்பிள்ளைக்கு மன்னாரில் வங்கி வேலை, ஆகவே வீடு மன்னாரில் வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்து அவர்களுடைய வாகனம் போனது. அண்ணன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "முடிஞ்சுது! விலையைக்கூடக் குறைச்சுக் கேக்கேல்லை" என்றார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"இஞ்சை ஆர் இருந்ததெண்டு கேட்டவை. தங்கச்சியின்ரை வீடு, அவ மடத்திலை சிஸ்டராய் இருக்கிறா எண்டு சொன்னனான். அந்த மனிசி உன்ரை கட்டிலைத் தொட்டுக் கும்பிட்டவ. மகளுக்கு அந்த அறைதானாம். கட்டிலை விட்டிட்டுப் போகச்சொல்லிக் கேக்கினம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்பார்களே, எனக்கு இரண்டும் வரவில்லை. கலியாணம் கட்டாத ஒருத்தி வீட்டில் இருந்தால் அது தரித்திரம். அதே ஒருத்தி தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மடத்தில் இருந்தால் அவள் படுத்த கட்டிலுக்கும் ஆசீர்வாதம். எங்கள் சனத்தின் பக்தி அவ்வளவுதான். ஆண் துணையில்லாத பெண்ணை அவர்கள் பொறுப்பார்கள், ஆனால் அவளை ஆண்டவருக்காவது கட்டிக் கொடுத்திருக்கவேண்டும்.

வீட்டின் உறுதிப் பத்திரம் என் பெயரில் இருந்தது. ஆகவே கையெழுத்து வைக்க நான் போகத்தான் வேண்டும். பெரிய வியாழனுக்கு இரண்டு நாள் முன்பாக, முருங்கனில் அவர்களுக்குத் தெரிந்த நொத்தாரிசின் கந்தோரில் எழுதுவதாக முடிவானது.

"வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு வா. நீ பொய் சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருந்தாக் காணும்" என்றார் அண்ணன்.

நான் கத்தினேன். அறுபத்தொரு வயதில் என்னை வேஷம் கட்டவைக்க உங்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்டேன். ஆண்டவரின் பாடுகளைப் பாஸ்கு மேடையில் நடிக்கப் போகிறவர்கள்கூடப் பேசித்தான் நடிக்கிறார்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேசாலை வீடு வேணுமோ வேண்டாமோ?" என்றார். வந்த நாளிலிருந்து அவர் கேட்ட ஒரே புத்தியான கேள்வி அது.

வெள்ளைச் சீலை கட்டினேன்.

நொத்தாரிசு உள்ளே ஆண்கள் இரண்டு பேருக்கும் உறுதியை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் நாங்கள் விறாந்தை வாங்கில் இருந்தோம். தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். "சிஸ்டர், பிள்ளைக்காகச் செபியுங்கோ. உங்கடை வீட்டிலை அவள் நல்லாய் இருக்கவேணும்." நான் தலையை ஆட்டினேன். அவர் எனக்குக் குளிராக ஏதாவது வாங்கிவரச் சந்திக் கடைக்குப் போனார். நானும் மகளும் தனியாக இருந்தோம்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நகங்களையெல்லாம் கடித்து வைத்திருந்தாள். தாய் தெருவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், உங்களிட்டை ஒண்டு கேக்கலாமோ?"

"கேள் பிள்ளை."

"கலியாணம் வேண்டாமெண்டு நீங்கள் வீட்டிலை எப்பிடிச் சொன்னனீங்கள்?"

முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவர்களில் யாரும் இப்படி என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. உள்ளே நொத்தாரிசு பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் தாய் சோடாப் போத்தல்களை வாங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளை இப்போது வேண்டாம் என்றால் கலியாணம் இல்லை. கலியாணம் இல்லையென்றால் வீடு வாங்கமாட்டார்கள். வாங்காவிட்டால் எனக்குப் பேசாலை இல்லை. கணக்கு ரீச்சருக்கு இதைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

"அம்மா அப்பா உன்ரை நன்மைக்குத்தான் செய்வினம், பிள்ளை" என்றேன். "அவை சொல்லுறதைக் கேட்டு நட."

அவள் சரி என்றாள். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் சோடாவோடு வந்தார், உள்ளே கூப்பிட்டார்கள், நான் போய்க் கையெழுத்து வைத்தேன்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை அவளுக்குக் கலியாணம் நடந்தது. ஒரு மாதத்துக்குள் அந்தக் குடும்பத்துக்கு உண்மை தெரிந்துவிட்டது. தாய் சுவாமியாரைக் கூப்பிட்டு நான்கு அறைகளையும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பித்து, கட்டிலைத் தூக்கி வெளியில் போட்டாராம். உப்புக்குளத்துப் பக்கத்து வீட்டுப் பெண் தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணனின் வசந்தகாலத்தையும் தரகரின் குமரையும் அந்தத் தாயின் தீர்த்தத்தையும் நினைத்து இன்றைக்கும் என்னால் வாயாரத் திட்டமுடியும். பேசாலைக் கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதெல்லாம் ஒவ்வொருவராகத் திட்டுகிறேன். என் முறை வரும்போது வாய் வருவதில்லை.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உப்புக்குளத்தில் எனக்குச் சீதனமாக அப்பா கட்டிய வீட்டுக்கு நிலைக்கதவு வைத்த கிழமை. மாப்பிள்ளை வீட்டார் வந்து நாள் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா முற்றத்தில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்று, "அப்பா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். எந்தக் கலியாணமும் வேண்டாம். படிப்பிச்சுக்கொண்டு இப்பிடியே இருந்திடுறன்" என்றேன். அப்பா சீமெந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். "பயந்துகொண்டோ இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தனீ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. சந்திக் கடையிலிருந்து அந்தத் தாய் திரும்பி வர மூன்று நிமிடம் எடுத்தது.