கப்பலுக்குக் காத்திருந்த குஞ்சுகள்

மூடியில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகள் நாமக்கல் பஸ்ஸின் கடைசி சீட்டில் வந்து இறங்கின. திறந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் பஞ்சு. பஞ்சுக்குக் கண்ணும் அலகும் வைத்ததுபோல் கோழிக்குஞ்சுகள். ஆனால் அவை போட்ட சத்தம் இருக்கிறதே, கல்யாணப் பந்தியில் சோறு தீர்ந்துபோனால்கூட அப்படி ஒரு சத்தம் எழும்பாது. டிக்கெட் எடுக்காத கூட்டத்தை இனிமேல் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். பெட்டிகளைக் கும்பிட்டு வாங்கியவர் என் நங்கை.

எங்கள் பக்கத்தில் கணவனின் அக்காவை நங்கை என்போம். இவர் தன் கணவர் இறந்தபிறகு சங்ககிரியில் கொழுந்தன் வீட்டு அடுப்படியே கதியென்று கிடந்தவர். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு ஆடி நோம்பிக்கு வந்தார். நோம்பி முடிந்தும் போகவில்லை. அப்போது எங்கள் வட்டாரத்தில் ஆளுக்கொரு கொட்டகை போட்டுக் கோழி வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். தானும் வளர்த்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்றார். கொழுந்தனார் வந்து குதித்ததில், என் வீட்டுக்காரர் நடுவில் ஒரு பேச்சுப் பேசி முடித்தார். ஒரு தடவை குஞ்சு விடட்டும். பிழைத்தால் இங்கே இருக்கட்டும், செத்தால் அங்கே திரும்பட்டும். கொழுந்தனார் அது குஞ்சுகளைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி பஸ் ஏறினார். நங்கை சிரிக்கவில்லை.

தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் சில வாரங்கள் சூடு வேண்டும். தோட்டத்துக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை. தகரத்தில் குடைபோல ஒன்று அடித்து, அதன் அடியில் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டால் குஞ்சுகள் அதையே அம்மா என்று நினைத்துச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். அம்மாவுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணெய்தான் வரவில்லை. ஈராக்கும் ஈரானும் அடித்துக்கொண்டிருந்தன. நமக்கு எண்ணெய் அனுப்புகிறவர்களில் ஈராக்தான் பெரிய கை என்றும், கிணறும் துறைமுகமும் குண்டுபட்டுக் கிடக்கிறதென்றும் ரேடியோவில் சொன்னார்கள். மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து எண்ணெய் விற்க வருகிறவர், நாளைக்கு லாரி வந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். அவருக்கு சேலத்தில் ஒருவர் சொன்னார். சேலத்துக்காரருக்கு மெட்ராஸில் ஒருவர் சொன்னார். மெட்ராஸ்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் போல.

குஞ்சு கொடுக்கிறவர் நல்ல மனுஷர். எண்ணெய் இல்லையென்றால் அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆள் அனுப்பிச் சொன்னார். என் வீட்டுக்காரரும் கெஞ்சினார். இங்கேதான் நங்கை, எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். எங்களுக்கு எதைத் தொடங்கினாலும் அமாவாசையில் தொடங்க வேண்டும். அதிலும் தை அமாவாசை என்றால் தங்கம். மறுநாள் பாட்டிமை என்கிற பிரதமை, அதில் தொட்டது எதுவும் விளங்காது.

"தை அமாவாசய உட்டுப்போட்டு வளர்பிறை தேடச் சொல்றயா? அந்தச் சண்டைக்காரனுங்களுக்கு நாள் கெழம தெரியாது. நமக்குமா தெரியாது?" என்றார்.

அமாவாசையன்று குஞ்சுகள் வந்தன. நாள் நல்ல நாள்தான். விளக்கில்தான் எண்ணெய் இல்லை.

வீட்டில் இருந்த ரேஷன் எண்ணெய், பக்கத்துத் தோட்டத்தில் கைமாற்றாக வாங்கியது எல்லாம் சீக்கிரமே தீர்ந்தது. கொல்லிமலைக் காற்று பொழுது சாயும்போதே இறங்கிவிடும். குஞ்சுக்குச் சூடு போதுமா என்று பார்க்கத் தேவையில்லை, காதால் கேட்டாலே போதும். சூடு இருந்தால் முணுமுணுப்பு, குளிர்ந்தால் கூச்சல். கூச்சல் போட்டபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நங்கை கொட்டகையைச் சுற்றிக் கட்டிய சாக்குப் படுதாவைத் தூக்கிப் பார்ப்பார், வாசலுக்கு வந்து வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று நிற்பார், உள்ளே போய் ரேடியோவைத் திருகுவார். ரேடியோ பாட்டுப் பாடினால் அதற்குத் திட்டு. செய்தி சொன்னால் செய்திக்குத் திட்டு. ஒரு இடத்தில் உட்காரவில்லை. சோற்றைக்கூட நின்றபடியே தின்றார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கால் தரையில் பாவவில்லை.

கொஞ்சம் அடங்கட்டும் என்று நான் வாயைக் கொடுத்தேன். "ஏனுங் நங்க, அந்த ஈராக்குக்கார ராசா உங்களுக்குக் கொழுந்தன் மொறைங்களா? வார்த்த சொல்லிப்போட்டு வராம இருக்கறாரு."

முறைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கொழுந்தன் ஊட்டு அடுப்புல என்ற கையில நெருப்பு இல்ல அம்மிணி. தீப்பெட்டியக்கூட அவன் பொண்டாட்டி இடுப்புல சொருகி வெச்சிருப்பா. அதத் தப்பிச்சு இங்க வந்தா, எவனோ ஒருத்தன் கடலுக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டிய வெச்சுக்கிட்டு இருக்கறான்."

மறுநாள் காலையில் படுதாவைத் தூக்கினோம். ஒரு முறம் நிறையச் செத்த குஞ்சுகளை அள்ளினோம். நங்கை அழவில்லை, டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை மடித்து வைக்கத் தொடங்கினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வேலியில் சீமைக்கருவேல் முள்ளுக்குப் பஞ்சமில்லை. அதை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். கரி கிடைக்கும், அந்த நெருப்பைக் குஞ்சுக்குப் பக்கத்தில் வைக்கப் பானைதான் வேண்டும். பொங்கல் முடிந்து அதிக நாளாகவில்லை. வீட்டுக்கு வீடு புதுப் பொங்கல் பானை சும்மா இருந்தது. நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குழந்தைக்கு மருந்து காய்ச்ச என்று ஒரு வீட்டில், பெரியவருக்கு வேது பிடிக்க என்று ஒரு வீட்டில் கேட்டு வாங்கினேன். கோழிக்கு என்று சொன்னால் யார் கொடுப்பார்கள்? விஷயம் தெரிந்ததும் என் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். சூரியனுக்குப் பொங்கல் வைத்த பானைக்குள் நெருப்பை அள்ளிப் போடுவதா என்றார்.

"அத்தைங், சூரியனே நெருப்புத்தானுங்களே. அவருக்குத் தெரியாத நெருப்புங்களா?" என்றேன். பூசைக்கு வைத்திருந்த பெரிய பானையையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

கனிந்த கரியைப் பானையில் போட்டு, மேலே சாம்பல் தூவி, தகரக் குடைக்கு அடியில் வைத்தோம். புகை நிற்கக்கூடாது என்று படுதாவின் மேல்பக்கத்தைத் திறந்துவிட்டோம். கொஞ்ச நேரம் கூச்சல் அப்படியே இருந்தது. பிறகு ஒரு பக்கம் குறைந்தது, இன்னொரு பக்கமும் குறைந்தது. கடைசியில் முணுமுணுப்பு. நங்கை அன்றைக்குத்தான் உட்கார்ந்தார். கோழித்தீவன மூட்டைமேல், வாயைத் திறந்து தூங்கியேபோனார். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு செத்தன. மற்றவை பிழைத்தன.

குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்து, சூடே தேவைப்படாத ஒரு நாள், எண்ணெய்க்காரர் வண்டியில் மணியடித்துக்கொண்டு வந்தார். கப்பல் வந்துவிட்டது என்று அவரே ஓட்டிவந்ததுபோலச் சொன்னார். நங்கை அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். "எங்க குஞ்சுக்கு றெக்க மொளச்சுப்போச்சுங்க. உங்க கப்பலுக்கும் ஒண்ணு கட்டி உடுங்க, வெரசா வரும்."

அழைத்துப்போக வந்த கொழுந்தனார் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மோர் குடித்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார். நங்கை கடைசிவரை எங்கள் தோட்டத்தில்தான் இருந்தார்.

இப்போது என் மருமகள் காஸ் சிலிண்டருக்குப் போனில் பதிந்துவிட்டு, எங்கோ சண்டை, கப்பல் நிற்கிறது என்று டிவியைப் பார்த்துப் புலம்புகிறாள். எனக்கும் உட்கார முடிவதில்லை. காது எதையோ தேடுகிறது. அந்தக் குஞ்சுகள் வந்து சில வருஷம் கழித்து எங்கள் கொட்டகைக்குக் கரண்ட் வந்த சாயங்காலம் நினைவுக்கு வருகிறது. பல்பு எரிந்ததும் எல்லோரும் கை தட்டினோம். நங்கை மட்டும் அண்ணாந்து பார்த்தபடி, இது எங்கிருந்து வருகிறது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். மேட்டூரிலிருந்து என்றார் அவர். மேட்டூருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கர்நாடகத்திலிருந்து என்றார்.

நங்கை பல்பிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மிணி, நாளைக்குச் சந்தையில அடைக்கு உக்கார்ற நாட்டுக்கோழியா நாலு பாரு. அதுக்குச் சூடு அதும்பட வயித்துலயே இருக்குது" என்றார்.